ஊசி முனையில் ஒரு பூந்தோட்டம்



சென்ற ஆண்டு பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். கலைக் கல்வி வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்து, ஒரு சிறு துணியில் இலை வடிவம் தைத்து வரச் சொல்லியிருந்தேன். அவர் மகளின் விரலில் ஊசி குத்திவிட்டது. காயம் சிறிதுதான். ஆனால் தாயாரின் மனக்குறை சிறிதன்று. “டீச்சர், பூப்போட்ட துணி கடையில வாங்கிக்கலாமே. இந்த நேரத்துல நாலு கணக்கு போட்டா பிள்ளைக்கு உதவும்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு உடனே மறுமொழி சொல்ல வரவில்லை.

அதன்பின் வந்த பள்ளி விடுமுறையில், ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியை ஒருவர் தம் வீட்டு முன்கூடத்தில் நடத்திய தையல் வகுப்பில் நானும் சேர்ந்தேன். துணியின் மேல் பூவும் காயும் புடைத்து எழுந்து நிற்கும்படி தைக்கும் கலை அது. ஒரே ஓர் இதழைத் தைத்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் இக்கலையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது துணியின் வரலாறாக மட்டும் இல்லாமல் மாணவியரின் வரலாறாகவும் ஆசிரியைகளின் வரலாறாகவும் இருப்பதைக் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

இக்கலை தழைத்தது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். இன்று இதனை ‘ஸ்டம்ப்வொர்க்’ என்கிறார்கள். ஆனால் அதைத் தைத்த காலத்தில் அப்பெயர் வழங்கவில்லை; ‘புடைப்பு வேலை’ என்று பொருள்படும் பெயரையே அக்காலத்தார் வழங்கினர். ஸ்டம்ப்வொர்க் என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டிக்கொண்டதாகும். நாம் புடைப்புப் பூத்தையல் என்றே சொல்லலாம்.

வெண்ணிறச் சாட்டின் துணியின்மேல் கம்பளி, பஞ்சு, துணித்துண்டு, மயிர் போன்றவற்றை அடைத்து மேடாக்கி, அதன்மேல் பட்டுநூலால் தைத்து மூடுவார்கள். மனித உருவங்களின் முகத்தையும் கையையும் சில வேளைகளில் மரத்தில் செதுக்கிப் பொருத்தி, மேலே பட்டுத்துணி போர்த்துவதும் உண்டு. முத்து, மணி, உலோகச் சரிகை, மயிலிறகுத் துணுக்கு, மைக்கா எனப்படும் காக்காப்பொன் ஆகியவையும் இடம்பெறும். குளத்தின் நீர் பளபளக்க வேண்டுமென்றால் காக்காப்பொன். கோமாட்டியின் கழுத்துக்கு உண்மையான சிறு முத்துகள்.

தோட்டத்திலிருந்து துணிக்கு

தோட்டம் என்றால் மலேசியத் தமிழராகிய நமக்கு முதலில் இரப்பர்த் தோட்டந்தான் நினைவுக்கு வரும். அக்கால இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பூந்தோட்டம் பெருமிதத்தின் அடையாளம். துருக்கிய உதுமானியப் பேரரசிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த துலிப் மலர், மக்களைப் பித்துக்கொள்ளச் செய்திருந்தது. ஹாலந்தில் துலிப் கிழங்கின் விலை விண்ணைத் தொட்டு, 1637ஆம் ஆண்டு பிப்ரவரியில் சரிந்து விழுந்ததை வணிகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்தத் துலிப், ரோசா, கார்னேஷன், பான்சி, ஸ்ட்ராபெரி, பட்டாணி நெற்று ஆகிய அனைத்தும் துணியில் பூத்தன, காய்த்தன.

தைத்தவர்கள் இவ்வடிவங்களை எங்கிருந்து எடுத்தார்கள்? பெரும்பாலும் நூல்களிலிருந்து. பிரெஞ்சு ஓவியர் ழாக் லெ முவான், இலண்டனில் 1586இல் வெளியிட்ட சிறு படநூலில் செடிகொடிகளையும் விலங்குகளையும் வரைந்து, பூத்தையல் செய்வோர் உள்ளிட்ட கைவினைஞர்க்குப் பயன்படட்டும் என்றே அளித்தார். ஜான் ஜெரார்டின் மூலிகை நூல் 1597இல் வந்தது. ரிச்சர்டு ஷார்லேக்கரின் வடிவநூல் ஒன்றுக்கு ‘ஊசிக்கு ஒரு பள்ளிக்கூடம்’ என்று பொருள்படும் தலைப்பு. பின்னாளில் பீட்டர் ஸ்டென்ட் போன்ற அச்சுப்பட வணிகர்கள் பூ, பறவை, பூச்சிப் படங்களைத் தாள்தாளாக விற்றனர். வடிவம் வரைந்த சாட்டின் துணியையே விலைக்கு வாங்குவதும் வழக்கமாயிற்று.

இந்தத் தோட்டங்களில் கம்பளிப்பூச்சி சிங்கத்தின் அளவில் இருக்கும். வண்ணத்துப்பூச்சி மாளிகைக் கோபுரத்தைவிடப் பெரிதாகப் பறக்கும். வெவ்வேறு நூல்களிலிருந்து வெவ்வேறு அளவில் எடுத்த படங்களை ஒரே துணியில் இட்டதால் நேர்ந்த விந்தை இது. நம் மாணவர்கள் வரையும் படத்திலும் வீட்டைவிட அப்பா உயரமாக நிற்பார் அல்லவா? எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இக்கலைக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு சொல் போதும். தனித் துணியில் ஒரு பூங்கிளையைத் தைத்து, வெட்டி எடுத்து, வேறு துணியில் பதிப்பார்கள். அத்துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர், தோட்டக்காரர் நடுவதற்காக ஒடித்தெடுக்கும் ‘போத்து’க்கு உரிய அதே சொல். முருங்கைப் போத்தை ஒடித்து வேறிடத்தில் நட்டால் தழைப்பதுபோல, தைத்த பூவும் வேறு துணியில் வேரூன்றுமாம். தாய்மரத்திலிருந்து பிய்த்த அடித்தண்டின் வடுவையும் சேர்த்தே பலர் தைத்திருக்கிறார்கள்.

காற்றில் போட்ட தையல்

புடைப்புப் பூத்தையலின் உயிர்நாடி ஊசிப் பின்னல். இதன் தாயகம் இத்தாலி. முதலில் லினன் துணியிலிருந்து நூல்களை உருவி, எஞ்சிய சதுரக் கட்டங்களை ஊசியால் நிரப்பினார்கள். பின்னர், 16ஆம் நூற்றாண்டில், துணியையே விட்டுவிட்டார்கள். வெறும் நூலின்மேல் நூலைத் தொடுத்துப் பின்னினார்கள். இதற்கு இத்தாலிய மொழியில் ‘புந்தோ இன் ஆரியா’ என்று பெயர். காற்றில் போட்ட தையல் என்பது பொருள்.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. அடிப்படைத் தையல் நம் தையற்காரர் சட்டைக்குக் காஜா எடுக்கும் அதே தையல்தான். காஜாவில் ஒவ்வொரு கண்ணியும் துணியைப் பிடித்திருக்கும். ஊசிப் பின்னலில் முதல் வரிசை ஓரநூலைப் பிடிக்கும். இரண்டாம் வரிசை முதல் வரிசையின் கண்ணிகளைப் பிடிக்கும். மூன்றாவது இரண்டாவதைப் பிடிக்கும். இடையில் துணி எதுவும் இல்லை.

வெனீசு நகரத்து ஊசிப் பின்னலுக்கு ஐரோப்பிய அரண்மனைகள் அனைத்தும் பொன்னைக் கொட்டிக் கொடுத்தன. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர், பணம் வெளிநாட்டுக்குப் போவதைக் கண்டு, 1665இல் உள்நாட்டிலேயே பின்னல் தொழிற்கூடங்களை அமைத்தார். அவற்றுள் அலான்சோன் நகரம் இன்றும் புகழோடு திகழ்கிறது. அங்கே ஒரு சதுர செண்டிமீட்டர் பின்னலுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். முழுமையாகக் கற்றுத் தேற 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும். யுனெஸ்கோ 2010இல் இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஓர் இதழ் பிறக்கும் விதம்

நான் கற்ற முறையைச் சொல்கிறேன். இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றின்மேல் இதழ் வரைந்த தாளையும் வழவழப்பான மேலுறையையும் வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். பழங்காலத்தில் இவ்விடத்தில் தோல்தாள் இருந்தது. வரைந்த கோட்டின்மேல் இரட்டை நூலைப் படுக்க வைத்து, இடையிடையே சிறு தையலால் கட்ட வேண்டும். அதுவே இதழின் எல்லை. இதழ் வளைந்து நிற்க வேண்டுமாயின் அந்நூலோடு மெல்லிய கம்பியையும் சேர்த்துக் கட்டலாம்.

இப்போது முனை மழுங்கிய ஊசியால் எல்லைநூலில் கண்ணிகளைத் தொங்கவிட வேண்டும். கீழிருக்கும் தாளையோ துணியையோ ஊசி தொடக்கூடாது. இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். இறுக்கினால் இதழ் சுருங்கும், தளர்த்தினால் தொய்யும். இதழ் விரியும் இடத்தில் ஒரு கண்ணியைக் கூட்ட வேண்டும். குறுகும் இடத்தில் ஒன்றைக் குறைக்க வேண்டும். முடிந்ததும் இரு துணிகளுக்கும் இடையே கத்தரியை நுழைத்து, கட்டுத்தையல்களை மட்டும் வெட்ட வேண்டும். அப்போது தாள் ஒருபுறமும் இதழ் ஒருபுறமுமாகப் பிரிந்து வரும். எதையும் பற்றிக்கொள்ளாமல், தன் கண்ணிகளின் பலத்தாலேயே உருக்குலையாமல் அது கையில் கிடக்கும்.

என் முதல் இதழ் அப்படி வரவில்லை. எங்கோ ஒரு வரிசையில் ஊசி தாளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. பிரித்தபோது கிழிந்தது. “எந்த வரிசைன்னு தேடிப் பாருங்க, பிறகு அங்கிருந்து பிரிங்க” என்றார் அந்த ஆசிரியை. தேடுவதற்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று. கணக்கில் விடை தவறினால் எந்தப் படியில் தவறு என்று தேடச் சொல்கிறோமே, அதுவும் இதுவும் வேறல்ல என்று அன்று தோன்றியது.

சிறுமியரின் பேழைகள்

இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்தவர்களுள் பலர் சிறுமியர் என்பதுதான் வியப்பு. வசதியுள்ள வீட்டுப் பெண்களின் கல்வியில் ஊசி வேலை படிப்படியான பாடமாக இருந்தது. முதலில் வண்ணநூலால் மாதிரித் துணி; அதில் எழுத்தும் எண்ணும் கொடியும் பூவும் இருக்கும். அடுத்து வெண்ணூலால் வெட்டுவேலையும் ஊசிப் பின்னலும் நிறைந்த மாதிரித் துணி. இறுதியாகத் தைத்த துணிகளை மரப்பெட்டியின்மேல் ஒட்டிச் செய்த பேழை. சில பேழைகளைத் திறந்தால் உள்ளே பொம்மைத் தோட்டம் ஒன்றே இருக்கும்.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மார்த்தா எட்லின் என்னும் சிறுமியின் வேலைகள் முழுத்தொகுதியாக உள்ளன. அவள் பிறந்தது 1660. வண்ண மாதிரித் துணியை 1668இல், தன் எட்டாம் வயதில் முடித்தாள். வெண்ணூல் மாதிரி 1669இல். பேழை 1671இல்; அப்போது வயது பதினொன்று. மணமாகி மக்களைப் பெற்று 1725இல் அவர் மறைந்தபின், அப்பொருள்கள் தாயிடமிருந்து மகளுக்கு என்று ஏறத்தாழ 300 ஆண்டுகள் பெண்வழியாகவே கைமாறி வந்தன.

அவளினும் என் மனத்தைத் தொட்டவள் ஹன்னா ஸ்மித். மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்தில் அவளது பேழை உள்ளது. அதனுள் அவள் கைப்பட எழுதிய தாள் ஒன்று இருந்தது. 1657இல் எழுதியது. 1654இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனதையும், ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கிருந்ததையும், தைத்து முடிக்கையில் வயது ஏறக்குறைய பன்னிரண்டு என்பதையும், 1656இல் இலண்டனில் பேழையாக்கப்பட்டதையும் அதில் குறித்திருக்கிறாள். பிற்காலத்தில் தனக்கே மறந்துவிட்டால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகவும், கேட்பவர்க்குச் சான்றாகவும் இதனை எழுதி வைப்பதாகச் சொல்கிறாள். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் ஒரு பிழையைத் திருத்தவும் எனக்கு மனம் வராது.

அவள் தைத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மன்னர் முதலாம் சார்லசு 1649இல் தலை வெட்டுண்டு மாண்டார். நாடே தலைகீழாகப் புரண்ட அந்த ஆண்டுகளில் சிறுமியர் அமர்ந்து பூந்தோட்டங்களைத் தைத்தார்கள். அத்தோட்டங்களின் நடுவே விவிலியத்தில் வரும் எஸ்தர், யூதித்து, தெபோராள் முதலிய துணிவுமிக்க பெண்களை நிறுத்தினார்கள்.

மறுபக்கம்

இதைப் படித்து நாம் மகிழ்ந்தால் மட்டும் போதாது. அந்தச் சிறுமியரின் தம்பிமார் இலத்தீனும் கணக்கும் படித்த நேரத்தில் இவர்கள் ஊசி பிடித்தார்கள். அடங்கி அமர்ந்திருக்கக் கற்பிப்பதும் அப்பாடத்தின் நோக்கமாக இருந்தது. முதலாம் சார்லசின் மகளுக்குக் கல்வி புகட்டிய பாத்சுவா மேக்கின் என்னும் அறிஞர், பெண்களுக்கு மொழிகளும் பிற கலைகளும் கற்பிக்க வேண்டுமென்று 1673இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். அவர் ஊசி வேலையை ஒழிக்கச் சொல்லவில்லை. வழக்கமான பாடங்களுக்குப் பாதி நேரம், இலத்தீன், பிரெஞ்சு முதலியவற்றுக்குப் பாதி நேரம் என்றே தம் பள்ளிக்குத் திட்டம் வகுத்தார். ரோசிக்கா பார்க்கர் 1984இல் எழுதிய ஆய்வு நூல், பெண்ணை அடக்கிய அதே ஊசியே அவள் தன் மனத்தைச் சொல்லும் கருவியாகவும் ஆனது என்று எடுத்துக்காட்டியது.

ஆகவே, கணக்குக்கு நேரம் வேண்டும் என்ற அந்தத் தாயாரின் குரலை நான் அலட்சியம் செய்ய முடியாது. பெண்பிள்ளைக்கு ஊசி போதும் என்று சொன்ன உலகத்திலிருந்து எழுந்த குரல் அது. என் வகுப்பில் ஆண்பிள்ளைகளுக்கும் ஊசி கொடுத்திருந்தேன் என்பதுதான் என்னால் அன்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சமாதானம்.

அறுந்த நூலை முடிந்தவர்கள்

18ஆம் நூற்றாண்டிலேயே புடைப்புப் பூத்தையல் வழக்கொழிந்தது. ஊசிப் பின்னலும் காலப்போக்கில் நலிந்தது. அதனை மீட்டவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். இருவரும் கற்பித்தலில் ஈடுபட்டவர்கள்.

வெனீசுக்கு அருகில் புரானோ என்பது மீனவர் வாழும் சிறு தீவு. 1872ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மீன்பிடி தொழில் முடங்கி, மக்கள் பட்டினியில் வாடினர். பெண்களுக்கு ஒரு வருவாய் வேண்டுமென்று ஊசிப் பின்னலைப் புதுப்பிக்க எண்ணினார்கள். பழைய முறையை முழுமையாக அறிந்தவர் செஞ்சா ஸ்கார்பாரியோலா என்று அழைக்கப்பட்ட 70 வயது மூதாட்டி ஒருவரே. அவருக்குச் செய்யத் தெரியும்; சொல்லிக் கொடுக்கத் தெரியாது. அவ்வூர்ப் பெண்கள் பள்ளியின் ஆசிரியை அன்னா பெல்லோரியோ தெஸ்தே அவர் அருகில் அமர்ந்து, கை அசைவதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு சிறுமியர்க்குப் பாடமாக்கினார். அந்தப் பள்ளி ஏறத்தாழ நூறாண்டுகள் நடைபெற்றது.

அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்கு விளைச்சல் அழிந்து கொடும்பஞ்சம் வந்தபோது, யாஹல் ஊர் மடத்தைச் சேர்ந்த அன்னை மேரி ஆன் ஸ்மித் என்னும் துறவி, பழைய இத்தாலியப் பின்னல் ஒன்றை எடுத்து, இழை இழையாகப் பிரித்து, அது பின்னப்பட்ட முறையைக் கண்டறிந்தார். கேட்பதற்கு அவர் அருகில் ஒரு மூதாட்டியும் இல்லை; துணிதான் ஆசிரியர். பின்னர் ஊர்ச் சிறுமியர்க்குக் கற்பித்தார். 1852இல் அங்கே பின்னற் பள்ளி முறையாகத் தொடங்கியது. பசித்த வீடுகளுக்கு அந்தச் சிறுமியரின் விரல்கள் சோறு போட்டன.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஓர் உறவுக்கதை உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்கள் பள்ளியோடு லேஸ் பின்னலையும் தொடங்கினார். அது ஊசியால் செய்வதன்று. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அவ்வருவாயால் தம் விடுதலையை வாங்கினர். அவருடைய மகள் எலைசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையும் உடன் சென்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவரென்று கால்டுவெல்லை நாம் போற்றுகிறோம். அதே வீட்டில் ஊர்ப்பெண்களுக்கு எழுத்தும் பின்னலும் கற்பித்த அம்மையாரை அரிதாகவே நினைக்கிறோம்.

முடிவாக

அலான்சோனின் 7 மணி நேரத்தையும் 10 ஆண்டுகளையும் நம் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். நூலில் படிப்பதால் மட்டும் வராத அறிவு ஒன்று உண்டு. அது அருகில் அமர்ந்து பார்த்தாலும், தவறிய இடத்தைத் தேடிப் பிரித்தாலும் மட்டுமே வரும். அந்த அறிவை வைத்திருப்பவர் ஒரே ஒரு மூதாட்டியாகக் குறைந்துபோகும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. உங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் ஏதேனும் ஒரு தையலோ, கோலமோ, பின்னலோ தெரிந்திருக்கும். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் ஒரு மாலை உட்கார வையுங்கள்.

அந்தத் தாயாரை இவ்வாண்டு மீண்டும் சந்தித்தேன். இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். “சரிங்க டீச்சர், ஆனா கணக்கையும் விட்றாதீங்க” என்றார். விடமாட்டேன் என்று உறுதி கூறினேன். அவர் மகள் தைத்த இலை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு பக்கம் கோணல். நரம்பு மட்டும் நேராக வந்திருக்கிறது.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் மாணவர்களை ஒரு சிறு தாளில் எழுதச் சொல்கிறேன். தம் பெயர், வயது, தொடங்கிய நாள், முடித்த நாள். அதைத் துணியின் பின்புறம் ஒட்டிவிடுகிறோம். ஹன்னா ஸ்மித்திடம் நான் கற்ற பாடம் அது. எழுத்துப்பிழை இருந்தால், அந்தத் தாளில் மட்டும் நான் சிவப்பு மையைத் தொடுவதில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை